கையுறையைக் கழற்ற வேண்டிய இடம்

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் தனியாகச் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்துவிடும் பாதுகாப்பு விதி ஒன்று உண்டு: கையுறை போடு. செம்பனை மட்டையின் முள் ஏறினால் விரல் இரண்டு நாள் வீங்கிக் கிடக்கும். உதிரிப்பழம் பொறுக்கும் அம்மாக்களும் குலை அறுக்கும் அப்பாக்களும் அதை நன்றாக அறிந்தவர்கள். வெளிக்காட்டில் கையுறை என்பது கையின் இன்னொரு தோல்.

அதே வீட்டுப் பிள்ளை எஸ்.பி.எம். முடித்துத் தொழிற்பயிற்சிக்குப் போய், பட்டறையில் லேத் முன்னால் நிற்கும்போது, வீட்டில் பழகிய அந்த விதி தலைகீழாகிவிடுகிறது. சுழலும் இயந்திரத்தின் அருகில் கையுறை கையைக் காப்பதில்லை. கையைப் பிடித்து இயந்திரத்திடம் கொடுத்துவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை விளக்காமல் எத்தனை பாதுகாப்புச் சுவரொட்டி ஒட்டினாலும் பயனில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அதை விளக்க, பட்டறையில் எல்லாரும் குப்பையாக நினைத்து ஒதுக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இரும்புச் சீவல்.

நெகிரி செம்பிலான் மாணவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. லின்சம், கொம்போக், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என்று தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்கள் இன்று செனவாங், நீலாய், செண்டாயான் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். பெடாஸ் தொழிற்பயிற்சிக் கழகம், போர்ட்டிக்சன் பாலிடெக்னிக், அம்பாங்கான் தொழிற்கல்லூரி போன்ற இடங்களுக்குப் படிக்கவும் போகிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறாதவர்களுக்கும் பட்டறை உண்டு. செம்பனை ஆலை ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பழுது பார்க்கும் இடம் ஒன்று இருக்கும். பம்பின் தண்டு தேய்ந்தாலும் புஷ் தளர்ந்தாலும் சிரம்பானுக்கு ஓடிக்கொண்டிருக்க முடியாது; அங்கேயே கடைந்து சரிசெய்ய வேண்டும். என் மாமா ஒருவர் அப்படிப்பட்ட ஆலையில் ஃபிட்டர். அவர் 'சுருள்' என்று சொல்வதை இடைநிலைப்பள்ளி பட்டறையில் 'தாத்தால்' என்று மலாயில் படித்தேன். பல்கலைக்கழகத்தில் அதையே 'சிப்' என்கிறார்கள். மூன்று மொழியில் மூன்று பெயர் தெரிந்தும், அது எப்படிக் கையை அறுக்கிறது என்று மூன்று மொழியிலும் பாடம் நடக்கவில்லை. மாமா மட்டும் சொன்னார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். லேத்தில் சுழலும் உலோகத் தண்டின்மேல் வெட்டுளி ஒன்றை அழுத்தி நகர்த்தும்போது தோல் உரிவதுபோல் உலோகம் உரிந்து வருகிறது. வார்ப்பிரும்பு என்றால் பொடிப்பொடியாக உதிரும். பித்தளை ஊசி ஊசியாகத் தெறிக்கும். நம் பயிற்சிப் பட்டறைகளில் அதிகம் பயன்படும் மைல்ட் ஸ்டீல்தான் தொல்லை பிடித்தது. அது இழுபடும் தன்மை கொண்டதால் உடையாமல், நிற்காமல், நீண்ட சுருளாக வந்துகொண்டே இருக்கும். பார்க்க அழகாகவே இருக்கும். முதல் தடவை பார்க்கும் மாணவன் கைப்பேசியில் படம் எடுப்பான். அடுத்து கையை நீட்டுவான்.

அந்தச் சுருளுக்கு மூன்று குணங்கள் உண்டு. அது சூடானது. வெட்டும்போது பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீவல்தான் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. எஃகுச் சுருள் நீல நிறமாக வந்தால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டது என்று பொருள். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிதான். அடுத்து, அது கூர்மையானது. ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ரம்பப்பல் போல இருக்கும். வெட்டப்படும்போது நசுங்கி உருமாறியதால், தான் பிறந்த தண்டைவிடவும் கடினமாகியிருக்கும். மூன்றாவது குணம்தான் எல்லாவற்றையும்விட மோசமானது: அதன் மறுமுனை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

தரையில் கிடக்கும் சுருளின் இந்த முனையை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். அதன் அந்த முனை சுழன்றுகொண்டிருக்கும் சக்கின் தாடையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? படிவம் நான்கு இயற்பியலே போதும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு. ஹெச்.எஸ்.எஸ். வெட்டுளி. பள்ளிப் பட்டறைகளில் வழக்கமான மெதுவான வேகம், அதாவது நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகம். அப்படியானால் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 190 முறை சுற்றும். கண்ணுக்கு இது மிக மெதுவாகத் தெரியும். ஆனால் தண்டைப் பிடித்திருக்கும் சக்கின் விட்டம் 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பு நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏதோ தவறு என்று கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை விலகத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அந்த நேரத்துக்குள் சக் தன்மேல் சுற்றிக்கொள்ளும் நீளம் 40 சென்டிமீட்டர்.

பூக்கடையில் முழம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஒரு முழம். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். அதாவது, 'ஐயோ' என்று நினைத்து முடிப்பதற்குள் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான சுருள் உங்கள் உள்ளங்கை வழியாக ரம்பம்போல் ஓடி முடிந்திருக்கும். இது மெதுவான வேகத்தில். கார்பைட் வெட்டுளி போட்டு நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகத்தில் ஓட்டும் தொழிற்சாலை லேத்தில் அதே 0.2 நொடியில் சுற்றிக்கொள்ளும் நீளம் 2 மீட்டர். உங்கள் கை அவ்வளவு நீளம் இல்லை.

இங்கேதான் கையுறை வில்லனாகிறது. வெறும் கையில் சுருள் ஓடினால் தோலும் சதையும் வெட்டுப்படும், அது மோசம்தான். ஆனால் துணிக் கையுறையின் நூலில் சுருளின் பல் மாட்டிக்கொண்டால் அது அறுத்துக்கொண்டு ஓடாது. கையுறையை இழுக்கும்; கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றன. தளர்ந்த முழுக்கைச் சட்டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறு, சாமி கயிறு, வளையல், மோதிரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கையில் கட்டிய கயிற்றைக் கழற்றச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். கோயிலில் கட்டியதைக் கழற்றுவதா என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. பட்டறைக்குப் போகும்போது சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

கூந்தல் இன்னும் ஆபத்தானது. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், இறுதியாண்டு இயற்பியல் மாணவி ஒருவர் ஆய்வுக்கூடப் பட்டறையில் இரவு நேரத்தில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது கூந்தல் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். ஆராய்ச்சித் திட்டமொன்றுக்காக உழைத்துக்கொண்டிருந்தவர். விசாரணை செய்த அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு, அந்த லேத் 1962இல் செய்யப்பட்டது என்றும், கைக்கு எட்டும் அவசர நிறுத்தப் பொத்தானும் தேவையான தடுப்புகளும் அதில் இல்லை என்றும் எழுதியது. அந்த அறிக்கையில் பிழைகள் இருப்பதாகப் பல்கலைக்கழகம் மறுத்துரைத்தது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். உலகின் பணக்காரப் பல்கலைக்கழகங்களில் ஒன்றில், மிகத் திறமையான மாணவி ஒருவருக்கு நடந்தது இது. சிக்கியபோது பொத்தானை அழுத்த அருகில் இன்னொருவர் இல்லை. பட்டறையில் தனியாக இயந்திரம் ஓட்டக் கூடாது என்ற விதியை மாணவர்களைக் குழந்தையாக நடத்தும் விதி என்று நம்மில் பலர் கேலி செய்கிறோம். அந்த இன்னொருவர் உங்களுக்கு உதவி செய்ய வேண்டியதுகூட இல்லை. சிவப்புப் பொத்தான் எங்கே என்று தெரிந்திருந்தால் போதும்.

எனவே பட்டறையில் கையுறைக்கு இடமே இல்லையா? உண்டு. இயந்திரம் நின்ற பிறகு. நின்ற பிறகு என்றால் பொத்தானை அழுத்திய பிறகு அல்ல; சக் அசையாமல் நின்ற பிறகு. மின்சாரம் நின்றாலும் சக் தன் வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றும். கால் பிரேக் உள்ள லேத் என்றால் மிதித்து நிறுத்தலாம். முழுதாக நின்றதும், வெட்டைத் தாங்கும் கையுறையைப் போட்டுக்கொண்டு குவிந்த சீவலைத் தொட்டிக்கு எடுத்துப் போகலாம். அடுத்த துண்டைக் கடைய இயந்திரத்தை ஓட்டும் முன் அதே கையுறையைக் கழற்றிவிட வேண்டும். குலை அறுக்கப் போகும்போது போடுவது, வீட்டுக்கு வந்து கழற்றுவது என்ற தோட்டத்துப் பழக்கம் இங்கே ஒத்துவராது. ஒரு நாளில் இருபது தடவை போட்டுக் கழற்ற வேண்டியிருக்கும். சலிப்பாகத்தான் இருக்கும்.

சலிப்பைக் குறைக்கவும் வழி இருக்கிறது. நீளச் சுருளே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அது. கைதேர்ந்த கடைசல்காரர்கள் சுருளைப் பார்த்துப் பெருமைப்படுவதில்லை. அதைத் தங்கள் வேலையின் குறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வெட்டுளி நகரும் வேகத்தைச் சற்றே கூட்டினால் சீவல் தடிக்கும். தடித்தது வளையும்போது ஒடியும். வெட்டுளியின் முகத்தில் சிறு பள்ளம் இருந்தால் சீவல் அதில் மோதிச் சுருண்டு துண்டு துண்டாக விழும். கார்பைட் முனைகளில் அந்தப் பள்ளத்தை வார்த்தே தருகிறார்கள், ஹெச்.எஸ்.எஸ். வெட்டுளி என்றால் நாமே தீட்டிக்கொள்ளலாம். 6, 9 என்ற எண்களைப் போன்ற குட்டைத் துண்டுகளாக விழுந்தால் வெட்டு சரியாக இருக்கிறது என்று பொருள். அதைத் தொட்டியில் அள்ளிக் கொட்டுவதும் எளிது. என் மாமா பயிற்சிக்கு வரும் பையன்களை எடைபோடுவது இதை வைத்துத்தான். அளவு சரியா என்று பார்க்கும் முன் தட்டில் விழுந்த சீவலைப் பார்ப்பார்.

சீவலை அகற்றப் பிரஷும் கொக்கியும்தான் சரியான கருவிகள். ஆனால் பல இடங்களில் கைக்கு முதலில் வருவது ஏர் கன். ஒரு அழுத்தில் எல்லாம் பறந்து இடம் சுத்தமாகிவிடும். சுத்தமாவது உங்கள் இடம். அந்தத் துகள்கள் பக்கத்து லேத்தில் நிற்பவரின் கண்ணைத் தேடிப் போகின்றன; மிச்சமுள்ளவை இயந்திரத்தின் நழுவுதளங்களுக்கு அடியில் புகுந்து அதைத் தேய்க்கின்றன. அமெரிக்க விதிப்படி, சுத்தம் செய்யும் காற்றின் அழுத்தம், முனை அடைபட்டாலும், சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டைத் தாண்டக் கூடாது. தெறிப்பதைத் தடுக்கும் மறைப்பும் இருக்க வேண்டும். சாதாரணப் பட்டறைக் குழாயில் வரும் காற்று அதைவிட மூன்று மடங்கு அழுத்தம் கொண்டது. அந்தக் காற்றால் சட்டையில் ஒட்டிய தூசியை ஊதிக்கொள்வதும், விளையாட்டுக்கு நண்பன்மேல் அடிப்பதும் நான் பார்த்த பட்டறைகளிலெல்லாம் நடக்கிறது. தோலில் சிறு காயம் இருந்தால் அதன் வழியாக உடலுக்குள் காற்று புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதை விளையாட்டு என்று அழைப்பதை நிறுத்திக்கொள்வோம்.

கண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் வியர்க்கும், மூக்கில் தழும்பு விழும், மங்கலாகும். எல்லாம் உண்மை. இருந்தாலும் இரும்புத் துகள் ஒன்று கருவிழியில் குத்தி நின்றால் சில மணி நேரத்திலேயே அதைச் சுற்றித் துருவளையம் கட்டத் தொடங்கும். ஈரமான இடத்தில் இரும்பு வேறென்ன செய்யும்? கசக்கக் கூடாது. நண்பனைக் கைக்குட்டை நுனியால் எடுக்கச் சொல்லக் கூடாது. காந்தம் வைத்து இழுப்பேன் என்று வரும் மேதைகளிடமிருந்து தள்ளி நில்லுங்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். பின்னாளில் எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், கண்ணில் உலோகம் பட்டதுண்டு என்று சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரமே பெரிய காந்தம். உள்ளே தங்கிய துகளை அசைத்துவிடும். அறுபட்ட காயத்துக்கு, டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று யோசித்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோருக்குப் படிவம் மூன்றில் பள்ளியிலேயே போட்டிருப்பார்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

தொட்டியில் போட்ட பிறகும் சீவல் அடங்கிவிடுவதில்லை. எண்ணெயும் ஈரமும் கலந்து பெருங்குவியலாகக் கிடக்கும் இரும்புச் சீவல் தானாகவே சூடேறக்கூடியது. கப்பலில் ஏற்றுவதற்கான ஐக்கிய நாடுகளின் ஆபத்துப் பொருள் பட்டியலில் அதற்கு 2793 என்று தனி எண்ணே இருக்கிறது. மக்னீசியம் சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் அதற்கு எண்ணெய் ஊற்றியது போல. உலர்ந்த மணல் வேண்டும். கழிவுக் கூலண்டும் பழைய எண்ணெயும் 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவுகள். ஆலைக்குப் பின்னாலுள்ள வாய்க்காலில் ஊற்றிவிட முடியாது. அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் மீன் பிடித்தவர்கள்தானே நாம்.

இவ்வளவும் தொழில்நுட்பம். புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம் இனிமேல்தான் வருகிறது. பட்டறையில் சீவலை யார் அள்ளுகிறார்கள்?

புதிதாக வந்தவர்தான். பயிற்சி மாணவர்தான். வேலை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, 'தம்பி, அதக் கொஞ்சம் வாரிப் போடு' என்று சொல்லப்படுபவர். மூத்தவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள்; பேருந்து வாசலில் நிற்கிறது; அடுத்த ஷிஃப்ட் ஆள் இயந்திரத்துக்காகக் காத்திருக்கிறார். பிரஷ் எங்கே என்று தெரியாது. கேட்டால் 'இதுக்கெல்லாமா' என்று சிரிப்பார்கள். அந்த நேரத்தில் வெறும் கையால் வாரிய பையனை அலட்சியக்காரன் என்று எழுதுவது எளிது. பத்து நிமிடத்தில் அரை மணி நேர வேலையைக் கொடுத்தவர் யார் என்று யாரும் எழுதுவதில்லை. பாதுகாப்பு என்பது மாணவனின் ஒழுக்கம் சார்ந்த விஷயம் மட்டும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. கருவியும் நேரமும் கொடுத்த பிறகுதான் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச முடியும்.

'கேட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ' என்ற பயம் தோட்டக் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. காரணம் இல்லாத பயமும் அல்ல. கிராணியிடமும் மண்டோரிடமும் எதிர்க்கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்த தலைமுறைகள், 'போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு வேலையைக் கற்றுக்கொள்' என்றுதான் பிள்ளையை அனுப்பிவைக்கின்றன. அன்போடு சொல்லப்படும் அறிவுரை அது. ஆனால் லேத் முன்னால் அது தவறான அறிவுரை. அதை நம் பெற்றோருக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் நம் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. 1991 மே மாதம் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துப் பலர் இறந்த பிறகு நாட்டில் எழுந்த விவாதத்தின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அதற்கு 2022இல் திருத்தம் நிறைவேறி, 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1967ஆம் ஆண்டின் பழைய தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் அதே நாளில் விடைபெற்றது. புதிய ஏற்பாட்டில் மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ஐந்து பேருக்குமேல் வேண்டாம், ஐந்து பேர் வேலை செய்தாலே போதும்; பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக ஒருவரை முதலாளி நியமித்தாக வேண்டும். எனவே சின்னப் பட்டறையாக இருந்தாலும் 'இங்கே பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?' என்று கேட்பது நியாயமான கேள்விதான். கடமை தவறும் முதலாளிக்கான அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்கு ஊழியரிடம் காசு பிடிக்கக் கூடாது என்பது 26ஆவது பிரிவு. கண்ணாடிக்கும் காலணிக்கும் முதல் மாதச் சம்பளத்தில் கழித்தால் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்கலாம்.

அதற்கு அடுத்துப் புதிதாகச் சேர்ந்தது 26ஏ. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்கவில்லை என்றால், ஊழியர் அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. பயிற்சி மாணவர் ஊழியரா இல்லையா என்று வாதம் செய்பவர்களுக்கு 17ஆவது பிரிவு இருக்கிறது: ஊழியர் அல்லாதவர்களின் பாதுகாப்புக்கும் முதலாளியே பொறுப்பு. தொழிற்பயிற்சிக்குக் கையெழுத்துப் போடும் முன், விபத்து நேர்ந்தால் சொக்சோ பாதுகாப்பா, கல்லூரியின் காப்புறுதியா, எது தங்களுக்கு உண்டு என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்கலாம் என்று விட்டுவிட்டால் கேட்கும் நேரம் மருத்துவமனையில்தான் வரும்.

சட்டப் பிரிவைச் சொல்லிச் சண்டை போடச் சொல்லவில்லை. அன்றாடம் அதற்குத் தேவையும் வராது. 'அண்ணே, மெசின நிறுத்திட்டு எடுக்கட்டுமா? கொக்கி எங்க இருக்கு?' என்று கேட்டால் போதும். மேற்பார்வையாளர் மலாய்க்காரர் என்றால், 'போஸ், சாயா துத்தோப் மெசின் டுலு, போலே?' இரண்டு மொழியிலும் மரியாதை குறையாமல் கேட்க நமக்குத் தெரியும். இரண்டு மூன்று மொழியில் படித்ததன் பயன் தேர்வுத் தாளோடு முடிந்துவிட வேண்டியதில்லை. இயந்திரத்தை நிறுத்தும் உரிமை ஓட்டுபவருக்கு எப்போதும் உண்டு என்று நினைத்து நடந்துகொண்டால் பெரும்பாலான மூத்தவர்கள் மதிக்கவே செய்வார்கள். விரல் போனவரைப் பார்த்தவர்கள் அவர்கள்.

கல்லூரிகளிடமும் தொழிற்பயிற்சிக் கழகங்களிடமும் ஒரு கோரிக்கை. பாதுகாப்புப் பாடம் முதல் வாரத்தில் ஒரு விரிவுரையாக, புறவயக் கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. 'பட்டறையில் கையுறை அணிய வேண்டும்: சரியா, தவறா' என்று கேட்டால் தோட்டத்திலிருந்து வந்த மாணவன் யோசிக்காமல் 'சரி' என்று போடுவான், அவனுடைய வாழ்க்கை அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறது. கேள்வியைத் திருத்துவதைவிட, அந்த மாணவனிடம் 'உங்கள் அப்பா கையுறை போடுகிறாரே, இங்கே ஏன் கூடாது' என்று பேச்சைத் தொடங்குவது நல்லது. ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு பிரஷ், ஒரு கொக்கி, ஆணியில் தொங்க வேண்டும். வகுப்பு முடியும் நேரத்தில் சுத்தம் செய்ய இருபது நிமிடம் அட்டவணையிலேயே ஒதுக்கப்பட வேண்டும். அந்த இருபது நிமிடத்துக்கும் மதிப்பெண் உண்டு என்றால் இன்னும் நல்லது.

கொக்கி வாங்கப் பணம் ஒதுக்கவில்லை என்ற காரணத்தை யாரும் சொல்ல முடியாது. முதல் செய்முறை வகுப்பிலேயே மாணவர்கள் செய்துகொள்ளலாம். 5 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி, முழங்கை நீளம். ஒரு முனையைத் தூண்டில் முள்போல் வளைக்க வேண்டும். மறுமுனையில் நேரான மரப்பிடி. பிடிக்குச் சற்று முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு வட்டத் தகடு ஒன்று, கம்பி வழியாக வழுக்கி வரும் சுருள் கையைத் தொடாமல் இருக்க. பிடியை மட்டும் வளையமாக வளைத்துவிடக் கூடாது. வளையத்துக்குள் விரலை விட்டுப் பிடிக்கத் தோன்றும். சக் கொக்கியை இழுத்தால் விரலை வெளியே எடுக்க நேரம் இருக்காது. நேரான பிடி என்றால் கையிலிருந்து நழுவிப் போகும். போகட்டும். இன்னொன்று செய்துகொள்ளலாம்.